வெண்பனியில் ஒரு முகம்

பனி என்றதும் நமக்கு மார்கழி மாதத்து விடியற்காலைதான் நினைவுக்கு வரும். புல் நுனியில் முத்துப்போல் நிற்கும் நீர்த்துளியையும் பனி என்கிறோம்; இமயமலைச் சாரலில் இடுப்பளவு குவிந்து கிடக்கும் வெண்மையையும் பனி என்கிறோம். முன்னதை அறுபத்தெட்டு ஆண்டுகளாகக் கண்டு வந்த நான், பின்னதைக் காணும் பேற்றை 2024 பிப்ரவரி மாதத்தில்தான் பெற்றேன். எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு அது. தில்லியில் பணிபுரியும் மகளும் மருமகனும், "அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். காஷ்மீருக்குப் போய் வருவோம்" என்றார்கள். உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? உடனே இசைந்தேன்.

என் மனைவியும் இசைந்தாள். ஆனால் ஒரு நிபந்தனையோடு. "பனியைப் பார்க்கலாம். யாரும் என்னைப் படம் எடுக்கக் கூடாது" என்று புறப்படும்போதே சொல்லிவிட்டாள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதனைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

மலையேறும் சாலை

விமானம் பீர் பஞ்சால் மலைத்தொடரைக் கடந்து ஸ்ரீநகர் பள்ளத்தாக்கில் இறங்கும்போது, உலகமே சலவை செய்து உலர்த்தப்பட்டதுபோல் தோன்றியது. அங்கிருந்து குல்மார்க் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். சாலையின் இரு மருங்கிலும் இலையுதிர்ந்த நெட்டிலிங்கம் போன்ற பாப்ளர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. சினார் மரங்களிலும் ஓர் இலை இல்லை.

காஷ்மீர மக்கள் குளிர்காலத்தை மூன்றாகப் பகுத்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்கள் 'சில்லை கலான்' எனும் பெருங்குளிர். அடுத்த இருபது நாட்கள் 'சில்லை குர்த்' எனும் சிறுகுளிர். அதன்பின் பத்து நாட்கள் 'சில்லை பச்சா' எனும் குழந்தைக் குளிர். பெருங்குளிரில் விழும் பனியே நெடுநாள் உருகாமல் மலையில் நின்று, கோடையில் ஆறுகளுக்கும் ஆப்பிள் தோட்டங்களுக்கும் நீராகிறது. நம் ஊரில் ஐப்பசி மழை பொய்த்தால் உழவன் முகம் எப்படி வாடுமோ, அப்படித்தான் அங்கே சில்லை கலான் பொய்த்தால்.

அந்த ஆண்டு அது பொய்த்தது. 2024 ஜனவரியின் பெரும்பகுதி குல்மார்க்கில் பனியே இல்லை. எங்கள் கார் ஓட்டுநர் தம் கைப்பேசியில் அந்நாளைய படமொன்றைக் காட்டினார். பழுப்பு நிறப் புல்வெளி, ஆளில்லாத சறுக்குவண்டிகள். மாதக் கடைசியில்தான் வானம் இரங்கிற்றாம். நாங்கள் போனது சிறுகுளிரின் நாட்களில். "நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்" என்றார் அவர்.

தங்மார்க் என்னும் சிற்றூரில் கார்களின் சக்கரங்களுக்கு இரும்புச் சங்கிலி மாட்டுகிறார்கள். அங்கிருந்து மேலே பதின்மூன்று கிலோமீட்டர் பனிச் சாலை. தடித்த மேலங்கியும் முழங்கால்வரை வரும் ரப்பர் காலணியும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. என் மனைவி சேலையின்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் மேலங்கி, அதன்மேல் அரக்கு நிறச் சால்வை, கால்களில் இரண்டடுக்குக் காலுறை, ரப்பர் காலணி என்று அணிந்து நின்றதைக் கண்டு மகள் சிரித்தாள். "சிரி, சிரி. உனக்கும் எனக்கும் சேர்த்து நானே குளிர்காய்கிறேன்" என்றாள் அவள்.

கிண்ணம் போன்ற புல்வெளி

குல்மார்க் என்றால் பூக்களின் புல்வெளி என்று பொருள். முன்னாளில் கௌரி மார்க் என வழங்கிய இவ்விடத்திற்கு, 16-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுப் ஷா சக் என்னும் மன்னர் இப்பெயரைச் சூட்டினார் என்பர். கடல் மட்டத்திலிருந்து 2,650 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் ஃபிர் மரக்காடுகள் சூழ, பெரிய கிண்ணம்போல் கிடக்கிறது. கோடையில் பூக்கள் நிறைந்த கிண்ணம்; நாங்கள் கண்டபோது பனி நிறைந்த கிண்ணம். ஒரு புறம் அஃபர்வத் மலையின் தோள்வரை கம்பி வண்டி ஏறுகிறது. அதன் முதற்கட்டம் 1998-லும் இரண்டாம் கட்டம் 2005-லும் திறக்கப்பட்டன. மேல்நிலையத்தின் உயரம் ஏறத்தாழ 3,950 மீட்டர். எங்கள் வயதைக் கருதி நாங்கள் அதில் ஏறவில்லை.

புல்வெளியின் நடுவே ஒரு மேட்டின்மீது தூய மரியன்னை ஆலயம் நிற்கிறது. நம் கத்தோலிக்க ஆலயமன்று. 1902-ல் ஆங்கிலேயர் தம் சபைக்கெனக் கட்டியது. பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்து, 2003-ல் பழுதுபார்க்கப்பட்டு, கிறிஸ்து பிறப்பு விழா வழிபாட்டுக்காக மீண்டும் திறக்கப்பட்டது. கூரை முழுவதும் பனி மூடியிருந்த அந்தச் சிறிய ஆலயத்தை நோக்கி நாங்கள் நால்வரும் மெல்ல நடந்தோம்.

இரண்டு செய்திகள் என்னை வியக்க வைத்தன. ஒன்று, அமைதி. புதிதாக விழுந்த பனிக்குள் காற்று நிறைந்த சிறு சிறு இடைவெளிகள் இருப்பதால், அது பஞ்சு மெத்தைபோல் ஓசையை விழுங்கிவிடுகிறது. பத்தடி தள்ளி நடந்த மருமகனின் குரல்கூடத் தாழ்ந்து ஒலித்தது. மற்றொன்று, ஒளி. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி வீசுகிறது. மேலிருந்தும் வெயில், கீழிருந்தும் வெயில். கறுப்புக் கண்ணாடி இன்றிக் கண்ணைத் திறக்க இயலவில்லை.

ஆல்பத்துடன் வந்தவர்

ஆலயத்திற்கு ஏறும் வழியில் ஒருவர் எங்களை நெருங்கினார். ஐம்பது வயதிருக்கலாம். முழங்காலுக்குக் கீழே தொங்கும் 'ஃபெரன்' என்னும் கம்பளி அங்கி, அதற்குள்ளே, பிரம்பு போன்ற மெல்லிய கழிகளால் பின்னிய கூட்டில் வைத்த மண்சட்டி, அதில் கரித்தணல். இதற்குக் காங்கிரி என்று பெயர். ஒரு தோளில் காமிரா, மறு தோளில் பிளாஸ்டிக் உறையிட்ட ஆல்பம். "சாஹப், ஒரு படம்?" என்றார்.

மகள் தன் கைப்பேசியை உயர்த்திக் காட்டினாள். அவர் சலிப்பின்றிப் புன்னகை செய்தார். "எல்லோரிடமும் அது இருக்கிறது, மகளே. ஆனாலும் என்னுடைய ஆல்பத்தை ஒருமுறை பாருங்கள்" என்றார். அவருடைய தந்தையும் இதே புல்வெளியில் ஃபிலிம் சுருள் காலத்தில் படமெடுத்தவராம்.

நான் ஆல்பத்தைப் புரட்டினேன். கேரளத்துக் குடும்பங்கள், வங்காளத்துப் பாட்டிமார், பஞ்சாபியப் புதுமணத் தம்பதியர். பனி வெண்மையாக இருந்தது. முகங்கள் முகங்களாக இருந்தன. எளிதாகத் தோன்றும் இது எத்துணை அரிது என்பது எனக்குத் தெரியும். சற்று முன்புதான் மகள் எடுத்த படங்களைப் பார்த்திருந்தேன். ஒரு படத்தில் பனி சாம்பல் நிறமாகவும் எங்கள் முகங்கள் கரிபிடித்த பாத்திரம் போலவும் இருந்தன. அடுத்த படத்தில் கைப்பேசி தானாகவே முகங்களை வெளுப்பாக்கி, என் கன்னத்துச் சுருக்கங்களையெல்லாம் இஸ்திரி போட்டிருந்தது.

ஒளியை அளக்கும் கருவிக்கு உலகத்தில் உள்ளது பனியா, நிலக்கரியா என்று தெரியாது. தன் முன் உள்ளது எதுவாயினும் நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று எண்ணிக்கொண்டே அது அளக்கிறது. பனி மிகுதியாக ஒளி வீசும்போது, 'வெளிச்சம் அதிகம்' என்று கருதிக் காமிராவின் கண்ணைச் சுருக்கிவிடுகிறது. பனி சாம்பலாகிறது, முகம் இருண்டுபோகிறது. நம்மவர் போன்ற மாநிற, கருநிற முகமானால் கண்ணும் பல்லும் மட்டுமே மிஞ்சும்.

இது புதிய தொல்லையன்று. 1864-ல் காஷ்மீருக்கு வந்த சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர், கண்ணாடித் தகடுகளையும் மருந்துப் புட்டிகளையும் இருட்டுக் கூடாரத்தையும் சுமையாட்களின் முதுகிலேற்றி மலையேறினார். 1866-ல் 18,600 அடி உயரமான மணிரங் கணவாயிலும் படமெடுத்தார். அக்காலத் தகட்டில் பூசிய மருந்து ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அன்றியும் அத்தகடுகள் நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தன. பனி பளீரென விழும். மனித முகமோ கறுத்துவிடும். ஆகவேதான் கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் 1856-ல் நிலையம் தொடங்கிய வில்லியம் நாட்மன், பனியில் ஆட்களைப் படமெடுக்கப் பனிக்கே போகவில்லை. தம் நிலையத்துக்குள்ளேயே உப்பைக் கொட்டிப் பனித்தரை ஆக்கினார். மெருகேற்றிய துத்தநாகத் தகட்டை விரித்து உறைந்த ஏரி ஆக்கினார். நெகட்டிவின்மேல் வெள்ளைச் சாயத்தைப் பொடித்துளியாய்த் தூவிப் பனி பெய்ய வைத்தார். கனடாவின் குளிர்காலத்தை உலகம் கண்டு மகிழ்ந்த படங்களிற் பல அவ்வாறு பிறந்தவையே.

இவற்றையெல்லாம் வகுப்பில் மாணவருக்குச் சுவையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதே பாடம் என் வீட்டுச் சுவரில் தொங்குவதை ஒருநாளும் நான் சொன்னதில்லை.

சுவரில் தொங்கிய படம்

1984-ல் எங்கள் திருமணம். வழக்கம்போல் மணமகளுக்கு வெண்பட்டுச் சேலை, தலையில் வெள்ளை நெட். என் மனைவி நல்ல கறுப்பு. திருப்பலி முடிந்து ஆலய வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒரு வாரத்தில் வந்தது. சேலையின் சரிகையும் நெட்டின் கண்ணும் ஒவ்வொன்றாக எண்ணலாம்போல் விழுந்திருந்தன. அவள் முகம் மட்டும் இருளில் மூழ்கியிருந்தது. புகைப்படக்காரர் சேலைக்கு அளவு வைத்திருந்தார், முகத்துக்கு வைக்கவில்லை. பனியில் நிகழ்வதும் இதுவேதான்.

அப்போது நான் ஒன்று செய்தேன். படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குத் தனியே போனேன். "கொஞ்சம் நிறமாக்கித் தாருங்கள்" என்று கேட்டேன். அந்நாளில் நெகட்டிவின்மேல் பென்சிலால் நுணுக்கமாகத் தீட்டி முகத்தை வெளுப்பாக்குவார்கள். பத்து நாளில் பெரிய படம் சட்டமிட்டு வந்தது. அதில் என் பக்கத்தில் வெளுத்த முகத்தோடு யாரோ ஒரு பெண் நின்றாள். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "பரவாயில்லையே, படத்தில் நல்ல சிவப்பாக இருக்கிறாள்" என்றார். அடுப்படியில் நின்றவள் காதில் அது விழுந்தது.

அதன்பின் அவள் படமெடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் திருமுழுக்கு, புதுநன்மை, மகளின் திருமணம் என எல்லாவற்றிலும் பந்தி பார்க்கப் போய்விடுவாள். அல்லது கடைசி வரிசையில் ஒருவர் தோளுக்குப் பின் நிற்பாள். "கூச்சம்" என்று எல்லோரிடமும் நானே சொல்லி வந்தேன்.

முகத்தை அளந்தவர்

குல்மார்க்கில் அவளை நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் உரிமை எனக்கில்லை. அவளே ஆல்பத்தை வாங்கிப் புரட்டினாள். ஒரு படத்தில் நின்றாள். குதிரைக்காரர் ஒருவரின் தாய் அது. வயதான, வெயிலில் கறுத்த முகம். பின்னால் வெண்பனி. "இது நன்றாக இருக்கிறது" என்றாள் தமிழில். மருமகன் அதனை இந்தியில் சொன்னார்.

"மாஜி, அதுபோல் உங்களை எடுக்கிறேன். பிடிக்காவிட்டால் அழித்துவிடுகிறேன். காசும் வேண்டாம்" என்றார் அவர். அவள் என்னைப் பார்த்தாள். நான் பனியைப் பார்த்தேன். "சரி தம்பி, எடு" என்றாள்.

திறந்த வெளியில் அவளை அவர் நிறுத்தவில்லை. ஆலயத்திற்குக் கீழே ஃபிர் மரங்கள் தொடங்கும் விளிம்புக்கு அழைத்துச் சென்றார். வெயில் அவள் முதுகுப் பக்கம் விழும்படி திருப்பினார். எதிரே கிடந்த பனிப்பரப்பு வெயிலை வாங்கி அவள் முகத்தின்மேல் மெல்ல வீசியது. மேலிருந்து விழும் வெயில் கண்குழியில் நிழலிடும். கீழிருந்து எழும் அந்த வெண்ணொளியோ நிழலைக் கரைத்துவிட்டது. நிலையங்களில் வெள்ளைத் துணி பிடித்துச் செய்வதை அங்கே மலையே செய்தது. மேலங்கியைக் கழற்றச் சொல்லிச் சால்வையை மட்டும் போர்த்தினார். அந்த வெண்மைக்கு நடுவே அரக்கு நிறம் தணல்போல் எரிந்தது.

பிறகு, காமிராவை அவள் முகத்தருகே கொண்டுபோய் ஒளியை அளந்தார். ஏதோ முள்ளைத் திருகினார். மறுபடியும் அளந்தார். குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடுமாதலால், மாற்று மின்கலத்தை ஃபெரனுக்குள் நெஞ்சோடு ஒட்டிய பையிலிருந்து எடுத்துப் போட்டார். காங்கிரியின்மேல் விரல்களைக் காய்த்துக்கொண்டார்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் அவளுக்குக் கண் கூசிச் சுருங்கியது. "மாஜி, கண்களை மூடிக்கொள்ளுங்கள். நான் மூன்று எண்ணுவேன். மூன்று என்றதும் திறந்தால் போதும்" என்றார். அவள் கண்களை மூடி நின்றாள். மரக்கிளையிலிருந்து சிறிது பனி சரிந்து அவள் தோளில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. நாற்பது ஆண்டுகளில் அவளை இவ்வாறு அசையாமல், எந்த வேலையும் செய்யாமல் நிற்க நான் கண்டதில்லை.

"ஏக், தோ, தீன்."

ஐந்தாறு முறை இவ்வாறு எடுத்தார். அவ்வளவுதான்.

தேநீர்க் கடையில்

பின்னர் ஒரு மரக்குடிலுக்குள் காவா அருந்தச் சென்றோம். குங்குமப்பூவும் ஏலமும் பட்டையும் இட்டு, மேலே சீவிய பாதாம் தூவிய பச்சைத் தேநீர் அது. உள்ளே நுழையுமுன் அவர் காமிராவை ஒரு பிளாஸ்டிக் பையிலிட்டு இறுக மூடினார். குளிர்ந்த காமிரா சூடான அறைக்குள் வந்தால், குளிர்ந்த நீர்ச் செம்பின்மேல் வியர்ப்பதுபோல் உள்ளும் புறமும் நீர் படிந்துவிடும். பையிலிட்டால் அந்நீர் பையின்மேலேயே நின்றுவிடும். என் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்குமோ, அவருக்கு விரல் நுனியில் இருந்தது.

அரைமணி கழித்துக் காமிராவைத் திறந்து படத்தைக் காட்டினார். பனி வெண்மையாக இருந்தது. அதன் நடுவே என் மனைவி இருந்தாள். கறுப்பாக இருந்தாள். நெற்றிச் சுருக்கமும், சிறுவயதில் வண்டிச்சக்கரம் இடித்த புருவத் தழும்பும், கண்ணில் எப்போதும் உள்ள அந்த லேசான கேலியும் அப்படியே இருந்தன.

"எப்படி அளந்தீர்கள்?" என்று கேட்டேன். ஆசிரியப் புத்தி போகவில்லை.

"பனியை நான் அளப்பதில்லை, சாஹப். பனி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். முகத்தை அளந்தேன். ஆனால் கருவி சொன்னபடியே விட்டால் மாஜியின் நிறம் வெளுத்துப்போகும். அதற்கு எல்லா முகமும் ஒரே நிறம். ஆகவே கொஞ்சம் குறைத்து வைத்தேன். அவர் நிறம் அவருக்கு இருக்க வேண்டுமல்லவா?" என்றார்.

காவா தொண்டையில் இறங்க மறுத்தது. நான் காசு கொடுத்துப் பறித்ததை, அவர் குளிரில் விரல் விறைக்கத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றிரவு ஸ்ரீநகர் விடுதியில், மகளும் மருமகனும் உறங்கப் போனபின் அவளிடம் சொன்னேன். "அந்தக் கல்யாணப் படத்தை நிறமாக்கச் சொன்னவன் நான்தான்" என்றேன். அவள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எனக்கு அன்றைக்கே தெரியும். ஸ்டுடியோக்காரர் எங்கள் அண்ணனிடம் சொல்லிவிட்டார்" என்றாள். "பின்னே ஏன் கேட்கவில்லை?" என்றேன். "நீங்களாகச் சொல்வீர்கள் என்றிருந்தேன். கொஞ்சம் நாளாகிவிட்டது" என்றாள். விளக்கை அணைத்துவிட்டேன்.

பின்கதை

ஊர் திரும்பியபின் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டோம். புகைப்படக்காரருக்கு ஒரு பிரதியின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பினாள் மகள். 2025 ஏப்ரல் 22-ஆம் நாள் பஹல்காம் புல்வெளியில் சுற்றுலாப் பயணிகள் மீது நடந்த கொடுந்தாக்குதலில் இருபத்தாறு பேர் உயிரிழந்த செய்தி வந்தபோது, எங்கள் வீட்டில் அன்றிரவு செபமாலை முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. இறந்தோர் குடும்பங்களை நினைத்தோம், அவரையும் நினைத்தோம். சில வாரங்கள் கழித்து மகள் வழியாகப் பேசினோம். குல்மார்க்கிலும் ஆள் வரவில்லை, ஆல்பத்தைத் திறக்க வேலையில்லை என்றார். முடிவில், "மாஜியின் படம் சுவரில் இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்கிறது, தம்பி" என்று அவளே தமிழில் சொன்னாள். அவருக்குப் புரிந்திருக்கும்.

இனிப் பனி காணச் செல்லும் நம் குடும்பத்தாருக்கு ஒரு சொல். கைப்பேசியில் எடுங்கள், தவறில்லை. ஆனால் திரையில் பனியைத் தொடாமல் முகத்தைத் தொட்டு ஒளியைச் சரிசெய்யுங்கள். முகத்தை வெளுப்பாக்கும் வசதி இருந்தால் அதனை அணைத்துவிடுங்கள். வழியில் ஒருவர் ஆல்பத்துடன் வந்தால், ஒரு நிமிடம் நின்று புரட்டுங்கள்.

படத்தை மாட்டிய அன்று நான் அவளிடம், "பழைய கல்யாணப் படத்தை எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டேன். அவள் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இருக்கட்டும். அதில் நீங்களாவது நீங்களாக இருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.